பெங்களூருவில் சிறு கடை தொடங்கியிருக்கிறேன். மாநில அரசிடம் என்னென்ன பதிவுகள் செய்ய வேண்டும்? 18,000 ரூபாய் கேட்கும் முகவரிடம் பொறுப்பை விட்டுவிடலாமா?

அல்சூரில் இட்லி மாவும் பொடி வகைகளும் விற்கும் சிறு கடை ஒன்றை 2022 முதல் நடத்தி வருகிறேன். உதவிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நானும் உங்களைப் போலவே தொடக்கத்தில் ஒரு முகவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஆகவே விடுபட்டுப்போகும் பதிவுகளைவிட, ஒன்றுக்கொன்று பொருந்தாத பதிவுகளே பிற்பாடு அதிகம் அலைய வைக்கும் என்பதைப் பட்டறிந்து சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். என் ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருந்தது. பான் அட்டையிலோ அந்த எழுத்து விரிந்து அப்பாவின் பெயராகி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் அமர்ந்திருந்தது. அடுத்தது கடையின் பெயர். அதில் ஒரு 'ழ' உண்டு. கன்னடத்தில் இன்று அந்த எழுத்து வழக்கில் இல்லாததால் பலகையில் 'ள' என்று எழுதினோம். முகவர் ஜி.எஸ்.டி. பதிவில் நான் சொன்னபடி 'இசட் எச்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினார். மாநகராட்சி உரிமத்துக்குப் பலகையின் படத்தைப் பார்த்து 'எல்' போட்டுவிட்டார். போதாக்குறைக்கு, ஒன்றில் பழைய கதவு எண், மற்றொன்றில் புதிய எண். தனியாள் நிறுவனத்துக்கு நடப்புக் கணக்கு தொடங்க, நிறுவனத்தின் பெயரில் இரண்டு சான்றுகளை வங்கி கேட்கும். நான் நீட்டிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அலுவலர், "இது இரண்டு கடையா, ஒரே கடையா?" என்று கேட்டார். திருத்த விண்ணப்பங்களுக்கே இரண்டு மாதம் போயிற்று. எனவே வாடகை ஒப்பந்தத்தை எழுதும் நாளிலேயே பெயர், கதவு எண், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிவத்திலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

இனி பதிவுகள். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961-இன்படி, தொடங்கிய 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் பதிய வேண்டும் என்பதே நான் பதிந்தபோது இருந்த விதி. அத்துறையின் ஈ-கார்மிகா இணையதளத்திலேயே முடிந்துவிட்டது, ஐந்தாண்டுக்குச் செல்லும். டிரேட் லைசென்ஸ், அதாவது கடை நடத்துவதற்கான உரிமம், மாநகராட்சியினுடையது. பெங்களூரு முழுமைக்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பழைய பி.பி.எம்.பி. 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், உங்கள் தெரு எதன் எல்லையில் வருகிறது என்று முதலில் பாருங்கள். இந்த உரிமம் நிதியாண்டுக் கணக்கில் ஓடுவது. நான் பிப்ரவரியில் வாங்கி, மார்ச் 31-உடன் அது முடிந்துபோனதைப் பார்த்து மலைத்து நின்றேன்.

தொழில் வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் அதில் இரண்டு உண்டு. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது ஒன்று. 2023 ஏப்ரல் முதல் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்குபவர்களுக்குப் பிடித்தம் கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற உரிமையாளர் தம் பெயரில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் கட்டுவது மற்றொன்று. அதற்குக் கெடு ஏப்ரல் 30. முதலாவது எனக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும் இரண்டாவதையும் மறந்து, வட்டியோடு கட்டினேன்.

எடை போட்டு விற்பவரானால் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. இங்கே சட்டமுறை எடையளவுத் துறை என்று தனியாகவே இருக்கிறது. சோதனை எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, கம்பி கோத்த ஈயத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் காலாண்டுக்குரிய எழுத்தையும் அழுத்திக் கொடுப்பார்கள். அந்த ஈயத்தைப் பிள்ளைகள் நோண்டாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.

பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம், அதுவும் மேற்பகுதியில் இருக்க வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட சட்டம். என் பத்தடிக்கு மூன்றடிப் பலகையில் பெயிண்டர் டேப் பிடித்து, மேலிருந்து 22 அங்குலத்தில் கோடு போட்டார். தமிழும் ஆங்கிலமும் எஞ்சிய 14 அங்குலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. எழுதுவதற்கு முன் கன்னட எழுத்துகளைப் பக்கத்துப் பூக்கடை அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒரு கொம்பைத் திருத்திக் கொடுத்தார்.

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், சேவைக்கு 20 லட்சம். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவுகளை வைத்து மாநில வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், கடை கடையாக 'யு.பி.ஐ. இல்லை' என்ற அட்டைகள் தொங்கின. ஸ்கேன் அட்டையைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீட்டுப் பணம், தம்பி அனுப்பும் பணம், மாவு விற்ற பணம் மூன்றும் ஒரே எண்ணில் விழுந்தால், எது விற்பனை என்று பின்னால் நிரூபிப்பது நம் தலையில் விடியும். கடைக்குத் தனிக் கணக்கு, தனி ஸ்கேன் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசாவும் கிடையாது. முகவரின் 18,000 ரூபாயில் அதற்கென்று ஒரு தொகை சேர்ந்திருந்தால் அவரைப் பற்றி வேறு சொல்லத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கு மட்டும் ஒரு கணக்கரை வைத்துக்கொள்ளலாம், நானும் வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்தாலும் ஓ.டி.பி. வரும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். என் முகவர் தம் எண்ணைக் கொடுத்திருந்ததால், திருத்த விண்ணப்பம் போட உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அவர் போனை எடுக்கும் வரை காத்திருந்தேன்.