வைஃபை பாஸ்வேர்ட் கேள்வி பதில்: குண்டூசியைக் கீழே வையுங்கள்

சேலத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் வேலை செய்கிறவன் நான். வைஃபை பாஸ்வேர்ட் மாற்றுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே போகிறேன், கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் பகுதியைப் போட்டிருக்கிறேன். பில், பிளான், வேகம் எல்லாம் உங்கள் நெட்காரரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரூட்டரின் பின்பக்கம் ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். பாஸ்வேர்ட் மாற்ற அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, முதலில் இருந்து சொல்லுங்கள் தம்பி.

பதில்: சரிக்கா. ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஒரு முகவரி, ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்ட் போட்டிருப்பார்கள். ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும்போது பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் லாகின் பக்கம் வரும். உள்ளே போனதும் வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் என்று ஒரு பகுதி, அதற்குள் செக்யூரிட்டி. பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதியதைப் போட்டு சேவ் கொடுங்கள். கொடுத்த உடனே உங்கள் போன் உட்பட எல்லாமே வைஃபையில் இருந்து விழுந்துவிடும், பயப்பட வேண்டாம். போனில் பழைய இணைப்பை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புது பாஸ்வேர்டில் சேருங்கள்.

பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானே என்று கேட்பவர்கள் நிறைய. பெயரில் 5ஜி என்று இருப்பதால் அது மொபைல் 5ஜி ஆகிவிடாது, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதுதான் அதற்குப் பொருள்.

அப்புறம் இன்னொன்று, பலர் கவனிக்காதது. வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்ட், ரூட்டரின் லாகின் பக்கத்துக்கு இன்னொரு பாஸ்வேர்ட். இரண்டாவது இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் அந்தப் பக்கத்தில் நுழைந்து நீங்கள் வைத்த பாஸ்வேர்டைப் பார்க்கலாம், மாற்றலாம், உங்களையே வெளியே தள்ளலாம். அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): அந்த எண்ணை அடித்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அடியுங்கள். வைஃபையில் நெட் சரியில்லை என்றால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அந்த வழியில் உங்கள் வீட்டு ரூட்டருக்குப் போக முடியாது. அப்படியும் வராவிட்டால் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள், ஐபோனில் ரூட்டர் என்று இருக்கும். அதுதான் சரியான முகவரி. 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரிக்கும். உங்கள் வீட்டுப் பெட்டியோடுதான் பேசுகிறீர்கள், தாண்டிப் போகலாம்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): என் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். பத்து இலக்கம் இருக்கிறதே, போதாதா?

பதில்: சேலத்தில் பாதி வீட்டில் இதுதான் நிலைமை, அதனால் விரிவாகவே சொல்கிறேன் அண்ணா.

திருட நினைப்பவன் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதில்லை. உங்கள் போன் ரூட்டரோடு சேரும் அந்த ஒரு கணத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்வதைக் காற்றில் இருந்து பதிவு செய்துகொண்டு போய்விடுவான். மிச்ச வேலை அவன் வீட்டுக் கணினியில் நடக்கும். வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி உருவாகிறது. ஊகிப்பதை மெதுவாக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனாலும் இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும் என்பதால் மொத்தமே 400 கோடிதான் சாத்தியம். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் சொச்சம். ஒரு சினிமா முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவும் தேவையில்லை, உங்கள் எண் அவர் போனிலேயே இருக்கிறது.

டபிள்யூபிஏ2 பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை போகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி நடுவில் ஒரு எண்ணைச் செருகுங்கள். அம்மியும் ரயிலும் நாவல்பழமும் கதவும் ஒன்றாக வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும், ஊகிப்பவனுக்குக் கிடைக்காது. இதையே வைக்காதீர்கள், நான் இங்கே எழுதிவிட்டேன். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம், குலதெய்வம் பெயரும் வேண்டாம்.

கேள்வி (குகை): பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. ரீசெட் பண்ணிவிடலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் யார் போனாவது வைஃபையில் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்ததில் 'ஷேர்' கொடுத்தால் க்யூஆர் வரும், ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் பாஸ்வேர்டையே பார்க்கலாம்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர் பக்கம்): ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மே மாதம் கோடை விழா சமயத்தில் வீடு நிறைய விருந்தினர்கள். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். போனவர்கள் திரும்ப வந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. மாற்றினால் எங்கள் கேமரா எல்லாம் நின்றுவிடுமே?

பதில்: நல்ல கேள்வி. உங்களுக்கும் கேமராவுக்கும் ஒரு வைஃபை, விருந்தினருக்கு வேறு ஒன்று. ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும், அதை இயக்குங்கள். உள்ளே இருக்கும் சாதனங்களை கெஸ்ட் பார்க்க முடியாதபடி தடுக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். உங்கள் கேமராவை விருந்தினர் திறந்து பார்க்கக் கூடாது அல்லவா? பிறகு கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் வாராவாரம் மாற்றினாலும் கேமரா அசையாது. க்யூஆர் அச்சடித்து லேமினேட் செய்து சுவரில் ஒட்டாதீர்கள், மாற்றுகிற அன்று அது செல்லாது. சாதாரணத் தாளில் அடித்து வையுங்கள்.

கேள்வி (அழகாபுரம்): வைஃபை பெயரை மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாதாமே?

பதில்: தேடுகிறவனுக்குத் தெரியும். உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும். வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): ரீசெட் அமுக்கினால் பழைய பாஸ்வேர்ட் வந்துவிடும் அல்லவா?

பதில்: வரும். கூடவே நெட் போய்விடும். ஃபைபர் பெட்டிக்குள் உங்கள் நெட்காரர் போட்டு வைத்த பிபிபிஓஈ யூசர்நேம் (பெட்டி நெட்டுக்குள் லாகின் செய்யும் பெயர்), அதன் பாஸ்வேர்ட், விலேன் எண் (அவர் லைனுக்கான அடையாள எண்) எல்லாம் அழிந்துபோகும். வைஃபை எரியும், நெட் வராது. சனிக்கிழமை மாலை அமுக்கினால் திங்கட்கிழமைதான் ஆள் வருவார். குண்டூசியைக் கீழே வையுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): லைன் வீடு. மாடியில் ஒரு காலேஜ் பையன் படிக்க வேண்டும் என்று பாஸ்வேர்ட் கேட்கிறான். கொடுத்தால் அவன் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். மாற்றிவிட்டால் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே தருகிறேன்.

குகை: இதில் என்ன சங்கடம்? எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றில்தான் எல்லோரும் நீர் இறைத்தோம். நெட்டை மட்டும் பூட்டி வைப்பதா? படிக்கிற பையன், கொடுங்கள்.

அஸ்தம்பட்டி: கிணற்றில் இறைத்த நீருக்கு யாரும் உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் ஓய்வு பெற்றவன், சொந்த மகனுக்கே பாஸ்வேர்டைக் கையில் எழுதிக் கொடுத்ததில்லை.

குகை: அதனால்தான் உங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை ஐயா.

அஸ்தம்பட்டி: நிம்மதியாக இருக்கிறேன் தம்பி.

செவ்வாப்பேட்டை: மாதம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுங்களேன். எங்கள் கொலுசுப் பட்டறையில் அப்படித்தான்.

பதில்: செவ்வாப்பேட்டை அண்ணா, காசு வாங்குவதை உடனே நிறுத்துங்கள். வீட்டுக்கு எடுத்த இணைப்பை விற்கக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

அஸ்தம்பட்டி ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீஸ் அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அவர் வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணை அவர் வாசலில்தான் தொடங்கியது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். எந்த ஊராக இருந்தாலும் இதுதான் வழக்கம்.

அதற்காகப் படிக்கிற பையனுக்கு இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதில்லை. குகை அண்ணா பக்கம்தான் என் மனசும். முன்பின் தெரியாத நாலு நண்பர்களுக்குத்தான் கொடுக்கக் கூடாது. கெஸ்ட் நெட்வொர்க் கொடுத்து, மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். 'எல்லோருக்கும் மாற்றினேன் தம்பி, நீ மட்டும் வந்து வாங்கிக்கொள்' என்றால் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை.

அஸ்தம்பட்டி: மாதம் ஒருமுறை எதற்கு? தினமும் மாற்றலாமே.

பதில்: ஐயா, விட்டுவிடலாம்.

கேள்வி (ஜங்ஷன் பக்கம்): ரூட்டர் பட்டியலில் தெரியாத சாதனங்கள் நிறைய. யாரோ திருடுகிறார்களா?

பதில்: உங்கள் சொந்தப் போனாகவே இருக்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. டிவி, ஏசி, பிளக் எல்லாம் புரியாத பெயரில் வரும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எது மறைகிறதோ அது உங்களுடையது. எல்லாம் அணைத்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தப் பக்கத்திலேயே டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்ட் அடிக்காமலே சேர விடும் வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க பின் எண்ணை ரூட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. அது திறந்திருந்தால் மேலே சொன்ன அம்மி, நாவல்பழம் எல்லாம் வீண்.

கேள்வி (ஏற்காடு): மழையில் இடி விழுந்து எங்கள் எஸ்டேட்டில் அடிக்கடி ரூட்டர் போகிறது.

பதில்: இது பாஸ்வேர்ட் சமாசாரம் இல்லை, இருந்தாலும்: ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, பெரும்பாலும் அடாப்டர் வழியாகத்தான் வரும். வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மிச்சத்தை எலக்ட்ரீசியனிடம் கேட்டு எர்த் பாருங்கள்.

கேள்வி (அன்னதானப்பட்டி): தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்கலாமா?

பதில்: பெரும்பாலான ரூட்டர் ஏற்காது. ஆங்கில எழுத்து, எண், குறி மட்டும்.

கேள்வி (நெத்திமேடு): ரீசெட் அமுக்கிவிட்டேன். இப்போதுதான் இதைப் படிக்கிறேன்.

பதில்: சரி. நெட்காரருக்குப் போன் போட்டு பிபிபிஓஈ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் மூன்றையும் கேளுங்கள். சிலர் அங்கிருந்தே ஏற்றிவிடுவார்கள். மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டி இப்போது ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டுக்குப் போயிருக்கும், நெட் வந்ததும் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): ரீசெட் பண்ணாமல்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை, மறுபடியும்): நெட்காரர் கொடுத்த பெட்டியில் கெஸ்ட் என்றே எதுவும் இல்லையே?

பதில்: அப்படிப்பட்ட பெட்டிகளும் உண்டு. எஸ்எஸ்ஐடி 2, எஸ்எஸ்ஐடி 3 என்று கூடுதல் வைஃபை பெயர்கள் வைக்க இடம் இருக்கிறதா, அவற்றைப் பிரித்து வைக்க 'ஐசொலேஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சாதாரண ரூட்டர் ஒன்று வாங்கி, நெட்காரர் பெட்டியின் லேன் துளையில் இருந்து புது ரூட்டரின் வேன் துளைக்கு ஒயர் போடுங்கள். எல்லோரும் புதியதைப் பையனுக்குக் கொடுப்பார்கள். அது தலைகீழ். உள்ளே இருக்கும் புது ரூட்டரில் சேர்ந்தவர்கள் வெளியே இருக்கும் நெட்காரர் பெட்டியின் சாதனங்களைத் தொட முடியும், வெளியே இருப்பவர்கள் சாதாரணமாக உள்ளே வர முடியாது. அதனால் பழைய பெட்டியின் வைஃபையை மாடிக்கு விட்டுவிட்டு, நீங்களும் உங்கள் டிவியும் கேமராவும் புதியதில் இருங்கள். பழைய பெட்டியின் லாகின் பாஸ்வேர்டை மாற்ற மறக்காதீர்கள். பழையது 192.168.1.1 என்றால் புதியதை 192.168.10.1 என்று வையுங்கள். இரண்டும் ஒரே எண் வரிசையில் இருந்தால் நெட் வராது.