இருநூறு பேர் இருக்கிற சபைக் குழுவில் ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வி: கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில், களியக்காவிளை எல்லையை ஒட்டிய தமிழ்க் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. ஏறக்குறைய 80 குடும்பங்கள். இளைஞர்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் 200 பேருக்கு மேல் உண்டு. ஆனால் காலையில் வசன அட்டை (வேதவசனம் எழுதிய படம்), ராத்திரியில் ஃபார்வர்டு, அவ்வளவுதான். சபையாரைச் சேர்த்து வைக்க யூடியூப் சேனல் தொடங்கலாமா, ஃபேஸ்புக் பக்கமா? (வாலிபர் ஐக்கியச் செயலாளர் ஒருவர்)

பதில்: சேனல் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் சபையாருக்குப் பிரசங்கப் பஞ்சம் இல்லை. யூடியூபைத் திறந்தால் தமிழிலும் மலையாளத்திலும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் பாடு இன்னொருவருக்குத் தெரிவதுதான் குறைந்துபோயிருக்கிறது. அதற்குக் கையில் இருக்கிற வாட்ஸ்அப்பே போதும். நடத்துகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

200 பேர் குழு என்பது கன்வென்ஷன் பந்தல் மாதிரி. மைக் பிடித்தவர் பேசுவார், மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். அதை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்மின்கள் மட்டும் பதிவிடலாம் என்று செட்டிங்கில் மாற்றிவிடலாம். வீட்டு ஜெபக் கூட்டம் எந்தெந்தப் பகுதியாக நடக்கிறதோ, அதே கணக்கில் 10, 15 வீடுகளுக்கு ஒரு சிறு குழு போடுங்கள். பேச்செல்லாம் அங்கே நடக்கட்டும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதிக்குள் கொண்டுவந்துவிட்டால், பொது அறிவிப்புப் பகுதியில் ஒருவருடைய எண் அறிமுகமில்லாத மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. கல்லூரிப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும் வீடுகளுக்கு இது ஒரு நிம்மதி. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் இரண்டு அட்மின்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும்.

சரி, அங்கே என்ன எழுதுவது? இதில்தான் பெரும்பாலான சபைகள் வழுக்குகின்றன. 'இன்னார் அம்மாவுக்குச் சுகமில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று போட்டால் ஐம்பது கும்பிடு படங்கள் வரும். யார் மேலும் குற்றமில்லை, அதற்கு மேல் செய்ய ஒன்றும் கேட்கப்படவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'அம்மாவுக்கு வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் கண் ஆபரேஷன். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். யாருடைய வண்டி கிடைக்கும்? மதியம் வீட்டில் தாத்தாவுக்குச் சோறு யார் கொண்டுபோகலாம்?' கும்பிடு படம் குறையும், வண்டி வந்துவிடும். இரண்டாவது தடவை கேட்கும்போது, அதுவரை வாயே திறக்காத ஒருவர் 'நான் போறேன்' என்பார். குழு பேசத் தொடங்குவது அங்கிருந்துதான்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். நாம் வேகமாகத் தாண்டிப்போகிற அதிகாரம் அது. பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பேர் பேராகச் சொல்லி, பலரைப் பற்றி ஒரு வரியும் சேர்க்கிறார் பவுல். சபைச் செய்தி எழுத அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

பேர் போடும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் நோயின் பெயர், கடன், கல்யாணம் தட்டிப்போனது, குடும்பச் சண்டை எதுவும் ஜெப விண்ணப்பமாக வரக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் எல்லை தாண்ட இரண்டு நிமிடம் ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரின் படம் வேண்டவே வேண்டாம். அதேபோல உதவி வாங்குகிறவரின் முகமும். அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) வந்த பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தைப் படமெடுத்துப் பொதுவில் போட்டு, கீழே ஏதோ தலைப்பும் எழுதிவிட்டால், அடுத்த வருஷம் அவர்கள் வரமாட்டார்கள்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, அதை ஒட்டிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது; அக்காவும் தங்கையும் இரண்டு மாநிலமானார்கள். இன்று உங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்ததோ மலையாள எழுத்து. நீங்கள் தட்டச்சு செய்கிற நீண்ட தமிழ்ப் பதிவு அவர்களுக்கு வெறும் படம். கண் மங்கிய பெரியவர்களுக்கும் அதே கதிதான். ஆகவே முக்கியமானதை ஒரு நிமிடக் குரல் பதிவாகப் போடுங்கள். போதகருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார்தான் பேச வேண்டும் என்றில்லை. ஓய்வுநாள் பள்ளியில் (ஞாயிறு வேத வகுப்பில்) படிக்கும் பிள்ளை ஒன்று கீர்த்தனையின் ஒரு சரணத்தைப் பாடி அனுப்பட்டும். மலையாளம் கலந்த ஊர்ப் பேச்சாக இருந்தால் திருத்த வேண்டாம். சவூதியில் இருக்கிற மாமனுக்கு அதுதான் தேன். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாங்களாக வாட்ஸ்அப் கணக்கு தொடங்கக் கூடாது, ஆகவே அனுப்புவது பெற்றோர் போனிலிருந்து. பெரியவர் யாரும் பிள்ளைகளோடு தனிச் செய்தியில் பேசுவதில்லை என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வருகிறேன். சவூதி, குவைத், கத்தாரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை நீங்கள் ஆராதனை நடத்தும்போது அவர்கள் வேலையில் இருப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை. எனவே ஞாயிறு நேரலை எல்லோருக்கும் எட்டாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நம் நேரம் 8 மணிக்கு ஒரு ஜூம் ஜெபம் வைத்தால் சவூதியில் மாலை 5:30, அதுதான் கூடிவரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக வேலை செய்யாது, குரல் பதிவு போகும். அப்புறம், சவூதியில் பிற மதத்தவரின் பொது வழிபாட்டுக்கு இடமில்லை. அங்கே இருப்பவர்களின் பேரையும் முகத்தையும் யாரும் பார்க்கக்கூடிய யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டு அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

ஆராதனையைப் பதிவுசெய்து அனுப்ப யூடியூபின் 'அன்லிஸ்டட்' முறை போதும், இணைப்பு தெரிந்தவர் மட்டும் பார்ப்பார். பாடகர் குழு நேரில் பாடுகிற பழைய கீர்த்தனைக்குப் பெரும்பாலும் தொந்தரவு வராது. யாரோ வெளியிட்ட கரோக்கே இசையை ஓட்டினால் காப்புரிமை அறிவிப்பு வரலாம். வீடியோவில் காணிக்கைக்கான க்யூஆர் படம் போடச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள், கேட்காதீர்கள்; பணம் அனுப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் அதற்கென்ற வங்கிக் கணக்கும் வேண்டும். பணம் வரும் வழியைச் சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவின்) கணக்குப் பொறுப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும், வாலிபர் ஐக்கியம் அல்ல.

பதிவு போடும் நேரத்தையும் கவனியுங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்தில் இருப்பார்கள், போன் பார்ப்பது மதியத்துக்கு மேல்தான். காலை 5 மணி வசன அட்டை அவர்களுக்காகப் போடப்படுவதில்லை, போடுகிறவரின் திருப்திக்காகப் போடப்படுகிறது.

முதலில் இரண்டு பகுதிகளில் மட்டும் சிறு குழு தொடங்கி மூன்று மாதம் ஓட்டுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டாம். சுகமில்லாத வீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று உபதேசியாரிடம் கேளுங்கள். பழைய குழுவைப் பூட்டுவதைப் போதகரே ஆராதனை முடிந்ததும் அறிவிக்கட்டும். இல்லாவிட்டால் தினமும் வசன அட்டை போட்டவர் அது தன்மேல் வந்த நடவடிக்கை என்று எடுத்துக்கொள்வார். அவருக்கே அறிவிப்புக் குழுவில் வாரம் ஒரு நாள் கொடுத்துவிடலாம்.

ஃபேஸ்புக் பக்கம் ஒன்று இருக்கட்டும். ஆராதனை எத்தனை மணிக்கு, எந்த மொழியில், பஸ் எங்கே இறங்க வேண்டும், சேகர அலுவலக எண், கூகுள் மேப் குறி. கிறிஸ்துமஸுக்கு ஊர் வருகிறவர்களும் எல்லையில் புதிதாக வாடகைக்கு வந்தவர்களும் தேடுவது இவ்வளவுதான்.