பழைய சீன, ஜப்பானிய நூல்களைப் பல்கலைக்கழகங்களில் வைத்து ஆராய்வதால் யாருக்கு என்ன லாபம்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சீன, ஜப்பானியப் பழைய ஏடுகளுக்காகப் பல்கலைக்கழகங்கள் இவ்வளவு செலவு செய்கின்றனவே, அந்த ஊர்க்காரர்களே எடுத்துப் படித்துக்கொள்ள மாட்டார்களா? அதுவும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிய பிறகு இன்னும் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது?

அந்த ஊர்க்காரர்களுக்கே படிக்க வராது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. நான் ஜப்பானில் மென்பொருள் வேலை பார்க்கிறேன், பழைய ஜப்பானியக் கையெழுத்து வாசிப்பது பொழுதுபோக்கு. கூட வேலை செய்கிறவர்கள் நல்ல படிப்பாளிகள், தினம் நாளிதழ் படிக்கிறவர்கள், ஆனால் 1850இல் எழுதிய ஒரு கடிதத்தை நீட்டினால் நாலைந்து எழுத்துக்கு மேல் நகர மாட்டார்கள். இந்தப் பழைய ஓட்டெழுத்துக்கு குஸுஷிஜி என்று பெயர். தூரிகையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே போவார்கள், ஒரு எழுத்து எங்கே முடிகிறது அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. போதாததற்கு ஒரே ஒலிக்கு நாலைந்து வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன, எழுதுகிறவர் மனம்போல ஒரே வரியில் மாற்றி மாற்றிப் போடுவார். 1900இல் தொடக்கப்பள்ளி விதிகளைத் திருத்தியபோது ஒலிக்கு ஒரு வடிவம் என்று முடிவு செய்து மற்றதையெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு தலைமுறையில் மொத்தச் சமூகமும் தன் பழைய எழுத்தை வாசிக்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. இன்று இதைச் சரளமாக வாசிப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார் என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கையெழுத்துதான் இப்படி, அச்சுப் புத்தகம் என்றால் படிக்கலாமே என்று கேட்பீர்கள். எடோ காலத்து (1603–1868) அச்சும் பெரும்பாலும் மரப்பலகையில் செதுக்கியதுதான், கையால் எழுதியதை அப்படியே ஒட்டிச் செதுக்குவார்கள், ஆக அச்சிலும் அதே ஓட்டெழுத்துதான். 1590களில் அசையும் அச்செழுத்து ஜப்பானுக்கு வந்தது, அரை நூற்றாண்டு ஓடியது, அப்புறம் திரும்பவும் மரப்பலகைக்கே போய்விட்டார்கள்.

சரி, வாசித்தால் என்ன கிடைக்கும்? எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை, வாஷிங்டன், ஓரிகன் பக்கம், உப்புநீரில் செத்து நிற்கும் பழைய தேவதாரு மரங்களைப் பார்த்துவிட்டு 1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளரும் மற்றவர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஏதோ ஒரு காலத்தில் பெரிய நிலநடுக்கம் வந்து இந்தக் கரையே கீழே இறங்கியிருக்கிறது. எப்போது? கார்பன் கணக்கு 1700ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளைக் காட்டியது, அதற்கு மேல் துல்லியம் வரவில்லை. அந்தக் கரையில் வாழ்ந்த பழங்குடி மக்களிடம் கடல் பொங்கிய கதைகள் உண்டு, எழுதிய தேதி கிடையாது. தேதி இருந்தது பசிபிக்கின் இந்தப் பக்கம், ஜப்பானியக் கிராமக் குறிப்புகளில். ஜப்பானியக் கணக்கில் கென்ரொக்கு 12ஆம் ஆண்டு, 12ஆம் மாதம், 8ஆம் நாளை ஒட்டி, நம் கணக்கில் 1700 ஜனவரி 27, 28, பல ஊர்களில் கடல் ஏறியிருக்கிறது, ஆனால் நிலம் ஆடவில்லை. வடக்கே குவாகசாகி என்ற மீனவக் கிராமத்தில் வீடுகள் போயின, தீயும் பிடித்தது, ஊர்மக்களுக்கு அரிசி கொடுத்த விவரம் மொரியோகா ஆட்சியாளர்களின் அலுவல் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. நாகாமினாதோவில் அரிசி ஏற்றிவந்த படகு ஒன்று ஆற்றுமுகத்தில் நுழைய முடியாமல் உடைந்தது, அதற்கு ஒரு சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள் (கப்பல் உடைந்தால் சரக்குக்குப் பதில் சொல்ல வேண்டுமே, அலுவலகத் தாள் என்றைக்கும் அலுவலகத் தாள்தான்). தெற்கே மிஹோ ஊர்த் தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிலநடுக்கமே இல்லாமல் கடல் ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது என்று குழம்பிப்போய், முதியவர்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கு அனுப்பிவைத்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் குறிப்புகளைப் பல்வேறு ஊர்களின் பெட்டிகளிலிருந்து தேடி எடுத்து, ஓட்டெழுத்தை இன்றைய அச்செழுத்துக்கு மாற்றி, நிலநடுக்கச் சான்றுத் தொகுப்புகளாக வெளியிடும் வேலையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டு முழுக்கச் செய்தார்கள், டோக்கியோ பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வு நிறுவனம் அதில் முக்கியமான இடம். அந்தத் தொகுப்புகள் இருந்ததால்தான் 1996இல் கென்ஜி சதாக்கேயும் அவர் குழுவும் அந்த அமெரிக்க நிலநடுக்கம் கிளப்பிய அலை பசிபிக்கைக் கடக்க எடுக்கும் சுமார் பத்து மணி நேரத்தைக் கழித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட முடிந்தது: 1700 ஜனவரி 26, அமெரிக்கக் கரை நேரப்படி இரவு 9 மணி சுமார், அளவு 9ஐ ஒட்டி. அடுத்த வருடம் வெளிவந்த மர வளைய ஆய்வு, அந்த மரங்கள் 1699 கோடைக்கும் 1700 வசந்தத்துக்கும் நடுவில் செத்தன என்று உறுதிப்படுத்தியது. இன்று சியாட்டிலிலும் வான்கூவரிலும் கட்டடங்களுக்கு நிலநடுக்க விதிகள் எழுதும்போது இந்தக் கணக்கும் மேசையில் இருக்கிறது. படகு உடைந்ததற்குச் சான்றிதழ் எழுதிய ஆளுக்கு அமெரிக்கா என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

யார் லாபம் என்று கேட்டீர்களே, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன். இதுபோல இன்னும் உண்டு. ஒசாகா மாகாணப் பல்கலைக்கழகத்தின் யாசுயுகி அவோனோ பழைய அரசவைக் குறிப்புகளிலும் துறவிகளின் நாட்குறிப்புகளிலும் கியோத்தோவில் செர்ரிப் பூ எந்த நாள் முழுதாய் மலர்ந்தது என்று தேடித் தேடி 812 முதலான வரிசையைக் கட்டினார். பருவநிலை மாற்றம் பற்றிய விவாதங்களில் அந்த வரைபடத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு பிரபு 'இன்று நண்பர்களோடு பூ பார்க்கப் போனேன், கவிதை எழுதினேன்' என்று கிறுக்கியது வெப்பநிலைத் தரவாகிவிட்டது.

நம் பக்கமும் இதில் உண்டு. 1345இல் தொகுத்து முடித்த சோங் வம்ச வரலாற்றில் சோழ நாட்டுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. 1015இல் முத்தும் தந்தமும் எடுத்துக்கொண்டு போன தூதுக்குழுவை அது விவரிக்கிறது, அனுப்பிய அரசன் பெயரைச் சீன ஒலியில் எழுதியிருப்பதை முதலாம் ராஜராஜன் என்று அடையாளம் காண்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற பயணி, சமவெளியில் செங்கல் கோபுரம் ஒன்றையும் அதில் 1267க்குச் சமமான சீன ஆண்டு பொறித்த சீன எழுத்துகளையும் பற்றி எழுதினார், அந்த இடம் நாகப்பட்டினம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சோழர் வணிகம் பற்றி முகநூலில் பொங்குகிறவர்கள் பலரும் சீனம் வாசிக்கத் தெரிந்த யாரோ ஒரு பேராசிரியரின் உழைப்பில்தான் பொங்குகிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

சீனப் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே சிக்கல் எழுத்து மட்டுமில்லை, எந்த நூல் அசல் என்பதே சிக்கல். 2008இல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு ஒரு பழைய மாணவர் பழைய நூல்கள் எழுதிய சுமார் 2,500 மூங்கில் பட்டைகளை வாங்கிக் கொடுத்தார். ஏதோ ஒரு கல்லறையிலிருந்து கொள்ளையடித்து வெளியே கடத்தப்பட்டவை. வயது கி.மு. 300ஐ ஒட்டி, அதாவது கி.மு. 213இல் சின் பேரரசு நூல்களை எரிக்கச் சொன்னதற்கு முன்பே மண்ணுக்குள் போனவை, எரிந்த காலத்தைத் தாண்டித் தப்பித்தவை. வந்தபோது ஈரமாய், பூஞ்சை பிடித்து இருந்தன. கட்டியிருந்த நூல்கயிறு மக்கிப்போனதால் எந்தப் பட்டைக்குப் பின் எது என்றே தெரியாத குவியல். சிலவற்றில் பின்பக்கம் வரிசை எண் இருந்தது. இல்லாதவற்றுக்கு இன்னொரு வழி கிடைத்தது: இந்தக் காலத்துப் பட்டைகள் பலவற்றின் முதுகில் கத்தியால் கீறிய சாய்கோடு ஓடுகிறது, அந்தக் கோடு பட்டைக்குப் பட்டை சேர்ந்து வருகிறதா என்று பார்த்து அடுக்கலாம். பல வருடங்களாக இத்தகைய பட்டைகளின் முன்பக்கத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்புறம்தான் முதுகைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

என்ன கிடைத்தது என்றால், சீனாவின் மிகப் பழைய அரச ஆவணத் தொகுப்பான ஷாங்ஷுவின் சில அத்தியாயங்கள். பதினேழாம் நூற்றாண்டில் யான் ருவோச்சு என்ற அறிஞர், சீனர்கள் காலங்காலமாக மனப்பாடம் செய்துவந்த ஷாங்ஷுவில் 'பழைய எழுத்து' அத்தியாயங்கள் பிற்காலப் போலி என்று வரி வரியாக வாதாடியிருந்தார். அரசுத் தேர்வே அந்தப் பாடத்தை நம்பி நடந்த காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! சிங்ஹுவா பட்டைகளில் அதே விஷயத்தைப் பேசும் அத்தியாயங்கள் வந்தபோது அவை புழக்கத்தில் இருந்த பாடத்தோடு ஒட்டவே இல்லை. மனுஷன் செத்து 300 வருடம் கழித்து வழக்கில் ஜெயித்தார். அதே குவியலில் 21 பட்டைகளில் ஒரு பெருக்கல் அட்டவணையும் இருந்தது, அரையிலிருந்து 99½ வரை பெருக்கலாம்.

ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கல்லறை எங்கே இருந்தது, யாருடையது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது, எதுவும் தெரியாது, தெரியவும் போவதில்லை. பல்கலைக்கழகங்கள் இப்படிக் காசு கொடுத்த சரக்கை ஏற்றுக்கொண்டால் அடுத்த கல்லறையைத் தோண்ட ஆள் கிளம்புவான் என்று சொல்லி இவற்றைத் தொடவே மறுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். விட்டால் பூஞ்சை தின்றுவிடும் என்பது எதிர்வாதம். நான் எதிர்வாதத்தின் பக்கம்தான், இருந்தாலும் முதல் தரப்பைச் சும்மா ஒதுக்க முடியவில்லை.

மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் இவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது தனிப் பதிலுக்கான விஷயம்: சில நன்கொடை, சில விலைக்கு, சில 1900 பெய்ஜிங் கலவரத்தில் கிடைத்ததைச் சுருட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு முதல் சீனப் புத்தகம் 1604இல் வந்தது, அங்கே அதை வாசிக்க ஒரு ஆள்கூட இல்லை. 1687இல் ஷென் ஃபூசோங் என்ற சீனக் கிறிஸ்தவர் வந்து எது என்ன நூல் என்று சொல்லிப் பட்டியல் போட உதவும்வரை 80 வருடத்துக்கு மேல் அவை வெறும் காட்சிப்பொருள்தான். எடுத்துப் போனவர்களைத் திட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தவை ஒரே நாளில் போயிருக்கின்றன: 1923 நிலநடுக்கத் தீயில் டோக்கியோ பல்கலைக்கழக நூலகம் எரிந்து லட்சக்கணக்கான நூல்கள் சாம்பல், மாக்ஸ் முல்லரின் சொந்த நூலகம் உட்பட. சீனாவில் தொலைந்துபோய் ஜப்பானில் பிழைத்திருந்து திரும்பிவந்த சீன நூல்களும் உண்டு.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், நிறைய ஏற்றிவிட்டார்கள். ஹார்வர்ட்-யென்சிங் நூலகம் சீனத் தேசிய நூலகத்தோடு சேர்ந்து 4,200 அரிய சீன நூல்களை, 53,000 தொகுதிகளை, 2017 வாக்கில் முடித்து இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனால் ஓட்டெழுத்துப் பக்கத்தின் படம் வெறும் படம், அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. அங்கேதான் இப்போது மென்பொருள் நுழைந்திருக்கிறது. தாரின் க்ளனுவாட் என்ற தாய்லாந்துப் பெண்மணி, ஜப்பானிய இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், பிற்பாடு இயந்திரக் கற்றலுக்கு வந்து குஸுஷிஜி வாசிக்கும் நிரலை உருவாக்கிய குழுவை முன்னின்று நடத்தினார். 2021இல் மிவோ என்ற கைப்பேசிச் செயலியாகவும் வந்தது, பக்கத்தைப் படம் பிடித்தால் பழைய எழுத்துக்கு மேல் இன்றைய எழுத்தைக் காட்டும். நான் தினம் உபயோகிக்கிறேன். ஆனால் அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஜப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனத்திலும் உட்கார்ந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டி அடையாளமிட்டவர்கள். இன்னொன்று, இயந்திரம் எழுத்தைத்தான் சொல்லும். அந்த வாக்கியம் பழைய நடையில் என்ன சொல்கிறது, மரியாதைக்காக எழுதியதா மிரட்டலுக்காக எழுதியதா என்பதை வாசித்தவன்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கே ஆர்வம் இருந்தால் ஜப்பானியம் ஓரளவு தெரிந்த பிறகு 'மின்னா தே ஹொன்கொக்கு' தளத்துக்குப் போங்கள். கியோத்தோ பல்கலைக்கழகத்தின் பழைய நிலநடுக்க ஆய்வுக் குழு 2017 ஜனவரியில் தொடங்கியது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஒரு பக்கம் படத்தைப் பார்த்துக்கொண்டு மறுபக்கம் தட்டச்சு செய்யலாம், தெரியாத எழுத்துக்குக் குறி போட்டு விட்டுவிட்டால் பின்னால் வருகிறவர் நிரப்புவார், தவறாக எழுதியிருந்தால் திருத்துவார். முதலில் ஏற்றியது மேலே சொன்ன டோக்கியோ நிறுவன நூலகத்தின் நிலநடுக்க ஆவணங்களைத்தான், ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் என்னை மாதிரி வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்து பல லட்சம் எழுத்துகளை முடித்தார்கள். அங்கே நான் நிரப்பியதைவிட மற்றவர்கள் எனக்குத் திருத்திக் கொடுத்ததுதான் அதிகம், கற்றுக்கொண்டதும் அப்படித்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜும் 2014 முதல் கோடைக்காலத்தில் இதற்கென்று வகுப்பு நடத்துகிறது. தொடங்கும்போது எடுத்த எடுப்பில் கடிதங்களுக்குப் போகாதீர்கள், நொந்துவிடுவீர்கள். எடோ காலத்துச் சிறுவர் படக்கதைப் புத்தகங்களை எடுங்கள், அவற்றில் கான்ஜி (சீன எழுத்து) குறைவு, பெரும்பாலும் கனா (ஒலியெழுத்து), படத்தைப் பார்த்தே பாதி ஊகித்துவிடலாம்.