இரண்டு பேர் மட்டும் அமரும் குட்டிக் கார் அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதுமா?

நகருக்குள் தனியாகவோ துணையோடோ போய்வருபவருக்குத் தாராளமாகப் போதும். ஸ்மார்ட் ஃபோர்டூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த முதல் தலைமுறையின் நீளம் சுமார் 2.5 மீட்டர்தான். மற்றவர்கள் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இடைவெளியில் இது நின்றுவிடும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் நன்றாக வளைந்து திரும்பும். 2014இல் அறிமுகமான தலைமுறை முழுதாகத் திரும்ப 6.95 மீட்டர் விட்டமுள்ள வட்டமே போதும். இந்தச் சுகம் பழகிவிட்டால் பெரிய காருக்கு மனம் வராது!

குறை, மேடுபள்ளத்தில் தெரியும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் குறைவு. வேகத்தடையில் முன்சக்கரம் இறங்கிய கையோடு பின்சக்கரம் ஏறும். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். நெடுஞ்சாலையில் லாரி கடந்தால் காற்று பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். உள்ளே இருப்பவர்களைக் காக்கும் எஃகுக் கூடு உறுதியானதுதான். ஆனாலும் கனரக வாகனம் மோதினால் எடை குறைந்த வண்டிக்கே அதிர்ச்சி அதிகம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இந்தக் காரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.