கப்பலிலிருந்து ஒரு தட்டு

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் பழைய பொருட்களைச் சேகரிப்பவன் நான். அடுத்த மாதம் மகனுடன் பாலித் தீவுக்குப் போகிறேன். துலாம்பெனில் கரையை ஒட்டியே மூழ்கிக் கிடக்கும் 'லிபர்ட்டி' கப்பலை ஸ்கூபா டைவிங் செய்து பார்க்கத் திட்டம். அதிலிருந்து ஒரு தட்டோ கைப்பிடியோ எடுத்து வந்து வீட்டு முகப்பில் வைக்க ஆசை. கடலில் கிடந்தால் வீணாகத்தானே போகும்? எடுத்தால் தவறா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான். எடுக்காதீர்கள்.

தட்டு எதுவும் அங்கே மிஞ்சியிருக்க வாய்ப்பும் குறைவு. அமெரிக்கச் சரக்குக் கப்பலான லிபர்ட்டியை 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் தாக்கியது. இழுத்துச் செல்லும் வழியிலேயே தண்ணீர் புகுந்துவிட, துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். சரக்கும் அங்கேயே இறக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையில் கிடந்த கூட்டை 1963-ல் ஆகுங் எரிமலை வெடிப்பு கடலுக்குள் தள்ளியது. இன்று அது கரிய மணற்சரிவில் ஒருக்களித்துக் கிடக்கிறது. மேற்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்திலேயே தென்படும். அடிப்பகுதி முப்பது மீட்டர் வரை போகும்.

வீணாகும் என்கிறீர்கள். வெளியே எடுத்த பிறகுதான் வீணாகும். ஆண்டுக்கணக்கில் உப்பு ஊறிய இரும்பு, காற்றுப் பட்டதும் வெடித்து, பாளம் பாளமாக உதிரும். அதைத் தடுக்க அருங்காட்சியகங்கள் மாதக்கணக்கில் காரக்கரைசலில் ஊறவைக்கின்றன. மெருகில் விரிசல் விட்ட பீங்கானாக இருந்தால், உள்ளே புகுந்த உப்பு காயும்போது படிகமாகி, மெருகைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். பொருளில் கல் பவளம் ஒட்டியிருந்தால் வேறு வம்பு. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடைச் சுவரில் சாய்த்து வைத்த ஒரு பர்மா தேக்கு நிலை. மேல்கட்டையின் செதுக்கு வேலைக்குள் யாரோ வைத்த மஞ்சளும் குங்குமமும் இன்னும் படிந்திருக்கின்றன. எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இரண்டாம் கட்டுத் தூண் ஒரு பக்கம், கண்ணாடி விளக்கு ஒரு பக்கம் என்று எத்தனை வீடுகள் அப்படிச் சிதறிப் போயின! அதைப் பார்த்து வயிறு எரியாத செட்டிநாட்டுக்காரர் உண்டா? அதையே இன்னொரு ஊர்க் கடலில் நாம் செய்யலாமா?

பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. விடியற்காலையிலேயே இறங்குங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் கப்பலுக்குள் உறங்கிவிட்டுக் கூட்டமாகக் கிளம்பும் நேரம் அது. தெற்குப் பாலியிலிருந்து வரும் சுற்றுலாக் கூட்டமும் அப்போது இருக்காது. இரும்பைத் தொடாதீர்கள், துரு விளிம்பு கையைக் கிழிக்கும், அதில் நச்சு முள் கொண்ட முட்சிறகு மீன்களும் ஒண்டியிருக்கும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, மெதுவாக வாருங்கள். கடைசியாக முங்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்றபடி எடுத்துவிடுங்கள்.