ஐந்து லட்சம் யார் கொடுத்தது? தேர்தல் கால மருத்துவக் கணக்குகள்: வாசகர் கேள்வி-பதில்

“ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறோம்” என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசினார். என் கணவருக்கான சர்க்கரை மாத்திரையை மாதாமாதம் கடையில்தான் வாங்குகிறோம். அந்தப் பணம் எங்கே? – வாசகி, தேனி

அப்படி ஒரு பணம் உங்கள் பெயரில் எங்கும் இல்லை. ஐந்து லட்சம் என்பது, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் உள்ள குடும்பம் ஓராண்டில் பெறக்கூடிய சிகிச்சையின் உச்சவரம்பு. பட்டியலில் உள்ள சிகிச்சைக்காகத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போனால், அதற்கென நிர்ணயித்த தொகை நேரே மருத்துவமனைக்குச் சென்றுவிடும். சிகிச்சை தேவைப்படாத குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் செலவாகியிருக்காது.

மாதாந்திர மாத்திரைகள் இதில் சேராது. அவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது. நோயாளியின் செலவை உண்மையிலேயே குறைத்த ஏற்பாடு இது. ஆனால் மேடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. கைதட்டல் கிடைக்காது போலும்.

இது மோடி காப்பீடா, மாநில அரசின் காப்பீடா? இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றனவே? – வாசகர், திருநெல்வேலி

உரிமை கொண்டாடுவோர் இரண்டு தரப்பு அல்ல, மூன்று. 2009இல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அதோடு இணைக்கப்பட்டது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் செலவைப் பகிர்கின்றன. மாநிலம் தானாகச் சேர்த்த மற்ற குடும்பங்களுக்கு முழுச் செலவும் மாநிலத்துடையது. ஆகவே “எல்லாம் டெல்லி கொடுத்தது” என்பதும் தவறு, “டெல்லி எதுவுமே தரவில்லை” என்பதும் தவறு. யார் பணம் என்று கேட்டால், நம் வரிப்பணம்.

மக்கள் சொந்தப் பணத்தில் செய்யும் மருத்துவச் செலவு 64 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டில் கூடியல்லவா இருக்கிறது! – ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எண் சரிதான். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம். ஆனால் இது மொத்த மருத்துவச் செலவில் மக்களின் பங்கு மட்டுமே. பங்கு குறைந்தால் தொகையும் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதே கணக்குகளில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவழித்த தொகையைத் தேடிப் பாருங்கள்: சுமார் 2.91 லட்சம் கோடியிலிருந்து 3.56 லட்சம் கோடியாகக் கூடியிருக்கிறது! அரசின் செலவும் காப்பீட்டுச் செலவும் அதைவிட வேகமாக வளர்ந்ததால் மக்களின் பங்கு சுருங்கியது.

இதில் எதிர்க்கட்சிகளும் ஒரு தந்திரம் செய்கின்றன. கூடிய தொகையைச் சொல்கிறவர்கள் இடைப்பட்ட எட்டு ஆண்டு விலைவாசி உயர்வை விட்டுவிடுகிறார்கள். அதைக் கழித்தால் மக்களின் சுமை ஓரளவு இறங்கியிருப்பது தெரியும். ஆனால் அந்த இறக்கத்தையும் அழுத்திச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 2021-22 கொரோனாக் காலம். அரசு வழக்கத்துக்கு மீறிச் செலவழித்தது. மேலும், வீடுகளின் செலவை அளந்த அடிப்படைக் கணக்கெடுப்பு 2017-18இல் நடந்தது. பிந்தைய ஆண்டுகளுக்கு அதிலிருந்து நீட்டித்தே மதிப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டு நிலவரமும் தேசிய சராசரியும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

பல கோடி காப்பீட்டு அட்டைகள் வழங்கியதாகச் சொல்வது சாதனை இல்லையா? – வாசகர், வேலூர்

அட்டை அச்சிட்டது சாதனையாக இருக்கலாம். சிகிச்சைக் கணக்கு வேறு. 2023இல் வெளியான சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, ஆயுஷ்மான் பாரத் பதிவுகளில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணில் இருந்ததாகச் சொன்னது. பயனாளியை உறுதிசெய்யக் கைப்பேசி எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று சுகாதார அமைச்சகம் பதில் சொன்னது. அந்த விளக்கத்தை ஏற்கலாம். எனவே அந்த 7.5 லட்சமும் போலிப் பயனாளிகள் என்று முழங்குவதும் பொய்யே.

ஜிஎஸ்டி நீங்கியதால் காப்பீட்டுப் பிரீமியம் 18 சதவீதம் குறைந்ததா? – வாசகர், ஓசூர்

இல்லை. 100 ரூபாய்க்கு வரியோடு 118 கட்டினீர்கள், இப்போது 100. குறைவு சுமார் 15 சதவீதம். அதுவும் 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு மட்டும். அலுவலகக் குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை.

இப்படிப் பொய்க்கணக்கு சொல்வோர் மீது வழக்குப் போட முடியாதா? – வாசகி, மதுரை

கடினம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு, ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை, குணம், வேட்புமனு போன்றவை பற்றிய பொய்யைத்தான் முறைகேடாகக் கருதுகிறது. திட்டச் செலவு பற்றிய பொய் அதற்குள் வராது. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் அச்சட்டத்தின் 123ஆம் பிரிவின்கீழ் முறைகேடு ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதன்பின் தேர்தல் ஆணையம், வாக்குறுதிக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் சுட்ட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்த்தது. கட்சிகள் அதற்கு ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனை ஒன்றில் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தவரிடம் சொன்னேன், பார்ப்பதாகச் சொன்னார். – வாசகர், தருமபுரி

அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கான சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். இருந்தால், எதற்காகக் கூடுதல் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டினால் ரசீதை விடாதீர்கள். 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.