ரோடு உயர்கிறது, எங்கள் தெரு முழுகும்: கோர்ட்டில் தடை கிடைக்குமா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் குடியிருக்கிறோம். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இப்போது ஏரிக்கரையை ஒட்டிப் போகும் மாநில நெடுஞ்சாலையை ஆறுவழியாக்க அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டு மட்டம் மூன்றடி உயருமாம். ஏரியின் கலங்கலிலிருந்து வரும் உபரிநீர்க் கால்வாய் அந்த ரோட்டைக் கடந்துதான் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் நிலமெடுப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், “நூறு கிலோமீட்டருக்குக் கீழே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. உங்க நிலமும் போகலையே, உங்களுக்கு என்ன?” என்கிறார்கள். தடை வாங்க முடியுமா?

பதில்: அலுவலகத்தில் சொன்ன நூறு கிலோமீட்டர் கணக்கு தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. உங்களுடையது மாநில நெடுஞ்சாலை. அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. உடனே சந்தோஷப்பட வேண்டாம், பொருந்துகிற விதி உங்களுக்கு இன்னும் பாதகமானது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-ல் வந்தது. அதன்படி, புதிதாகப் போடும் மாநில நெடுஞ்சாலைக்கு முன் அனுமதி கட்டாயம். இருக்கிற மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது என்றால், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியிலோ சூழல் கூருணர்வுப் பகுதியிலோ இருந்தால்தான் அனுமதி தேவை. தாம்பரத்தில் மலைக்கு எங்கே போவது? அதனால் ‘அனுமதி வாங்கவில்லை’ என்ற ஒரே வாதத்தோடு கோர்ட்டுக்குப் போனால் முதல் நாளே திரும்பி வருவீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கைப் பாருங்கள். வரைபடத்தில் ஏதாவது ஒரு துண்டு பழைய ரோட்டை விட்டு விலகி, வயல் வழியே புறவழிச்சாலையாகப் போகிறதா? போனால், அந்தத் துண்டு ‘புதிய’ சாலை என்று வாதாட இடமுண்டு. சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2013 திருத்தத்தின்படி, அனுமதி தேவைப்பட, அகலப்படுத்தும் நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் போதாது. கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் பழைய தடத்தில் 40 மீட்டரையோ, மாற்றுத்தடத்திலும் புறவழியிலும் 60 மீட்டரையோ தாண்ட வேண்டும். விழுப்புரம் – நாகப்பட்டினம் சாலை சுமார் 180 கிலோமீட்டர். அதை நான்கு பேக்கேஜாகப் பிரித்திருந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அனுமதியைத் தவிர்க்கும் தந்திரமாகத் துண்டு போடுவதை ஏற்க முடியாது என்றது. ஆனாலும் நிலத்தின் அகலம் அளவைத் தாண்டவில்லை என்பதால் அந்தச் சாலைக்கு அனுமதி தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. பாதி வெற்றி, முழுத் தோல்வி.

இனி உங்கள் விஷயம். உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கால்வாயில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்பதால், தண்ணீர் போகும் வழியை அடைக்க உரிமை வந்துவிடாது. கால்வாய் நீர்வளத்துறை பொறுப்பில் இருந்தால், அதைக் கடக்கும் பாலத்துக்கு அந்தத் துறையின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) இருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இதுதான்: பழைய சிறுபாலத்தை இரண்டு பக்கமும் நீட்டுவார்கள், தண்ணீர் புகுந்து போகும் திறப்பான கண்ணின் அளவைப் பெரிதாக்க மாட்டார்கள். அதே பழைய குழாய், நீளம் மட்டும் இரண்டு மடங்கு. வண்டல் சேர்ந்தால் உள்ளே இறங்கித் தூர்வார முடியாது. மேலே ரோட்டு மட்டம் மூன்றடி ஏறினால் ரோடே ஓர் அணை. முன்பு ரோட்டின்மேல் வழிந்து ஓடிய வெள்ளம் இனி உங்கள் தெருவிலேயே நிற்கும்.

இதை நீதிபதியிடம் வாயால் சொன்னால் எடுபடாது, காகிதம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நெடுஞ்சாலைத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். ‘சாலை பற்றிய எல்லாத் தகவலும் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. விரிவான திட்ட அறிக்கையில் உள்ள நீரியல் அத்தியாயம், உங்கள் கால்வாய் கடக்கும் இடத்தில் இப்போதுள்ள சிறுபாலத்தின் கண் அளவும் புதிதாக வரப்போகும் அளவும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குக் கணக்கிட்டார்கள் என்ற விவரம், 2015 வெள்ள மட்டத்தை எடுத்துக்கொண்டார்களா என்பது, நீர்வளத்துறையின் சான்று நகல், மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிறுபாலங்களுக்கு, சாலைத் தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் எஸ்.பி. 13 என்ற வழிகாட்டி இருக்கிறது. உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பொறியாளர் யாராவது இருந்தால் அவரை உட்காரவைத்து, வரும் பதிலை அந்த வழிகாட்டியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கூடவே கிராமப் புலப்படமும், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டு நகலும் வாங்கிவையுங்கள். ‘அது கால்வாயே இல்லை, வெறும் பள்ளம்’ என்று எதிர்த்தரப்பு சொல்வதை ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறேன். 2015 தண்ணீர்க் கறை சுவரில் இன்னும் இருந்தால் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் வாதம் தானாக ஜெயிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலையை, கூவத்துக்குள் தூண் நட்டால் நீரோட்டம் தடைபடும் என்று 2012-ல் மாநில அரசே நிறுத்தியது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது.

‘உங்க நிலமும் போகலையே’ என்ற பேச்சை விட்டுத்தள்ளுங்கள். நிலமெடுப்பில் ஆட்சேபம் சொல்லத்தான் நிலத்தில் உரிமை வேண்டும். வெள்ள ஆபத்தைச் சொல்லி, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக, பாதிக்கப்படுகிறவராக இருந்தால் போதும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை இன்றே பிடியுங்கள். அவருடைய நோட்டீஸ் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, பிரிவு 15(2)-ன் கீழ் வந்திருக்கும். அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாள்தான். தன் நிலத்தோடு சேர்த்துக் கால்வாய் விஷயத்தையும் அவர் தன் ஆட்சேபத்தில் எழுதட்டும். தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்கச் சொல்லுங்கள்.

தடைக்கு வருகிறேன். தாம்பரம் சிவில் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போடாதீர்கள், யார் சொன்னாலும் போடாதீர்கள். உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையாணை கூடாது என்று குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் 2018-ல் பிரிவு 41(ஹெச்ஏ) சேர்த்துவிட்டார்கள். சாலையும் பாலமும் அந்தப் பட்டியலில் உண்டு. போகவேண்டிய இடம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இங்கே சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு, தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். அளவுக்கல் நட்ட தேதியையே முதல் நாளாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள், எதிர்த்தரப்பும் அப்படித்தான் எண்ணும்.

அங்கே என்ன கேட்பது? ‘திட்டத்தையே ரத்து செய்க’ என்று கேட்காதீர்கள். சிறுபாலத்தின் கண் அளவை மறுபடி கணக்கிட வேண்டும், சுயேச்சையான நீரியல் ஆய்வு வேண்டும், அது முடியும்வரை கால்வாய் கடக்கும் அந்த இடத்தில் மட்டும் மண் கொட்டக்கூடாது என்று கேளுங்கள். முழு ரோட்டுக்கும் தடை கேட்பவருக்குக் கிடைக்காதது, நூறு மீட்டருக்குக் கேட்பவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள், மண் கொட்டிய பிறகு அதை அள்ளச் சொல்வது வேறு வழக்கு.